வெள்ளவத்தை வீட்டில் பிரிண்டருக்கு வயர் இழுத்தோம்: எட்டு மாத அனுபவம்

எங்கள் வீட்டில் "ஓஃப்லைன்" என்பது ஒரு கெட்ட வார்த்தை. மனைவி வீட்டிலேயே உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் ரியூசன் எடுக்கிறார், சனிக்கிழமை ஒரு வகுப்பு, ஞாயிறு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் கடந்தகால வினாத்தாள்களில் பொறுக்கிய கேள்விகள் ஐந்தாறு பக்கம், அதை நாற்பது பிள்ளைகளுக்கு அடிக்கவேண்டும். அடிக்கத் தொடங்குவது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பிறகுதான். (முன்கூட்டியே அடிக்கலாமே என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் அவரிடம் கேட்டுப் பட்டது போதும்.) பத்துப் பதினொரு செற் ஒழுங்காக வரும், பிறகு பிரிண்டர் நிற்கும். லப்டொப்பில் சாம்பல் நிறத்தில் "ஓஃப்லைன்" என்று காட்டும், பிரிண்டரோ பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். "இஞ்சேருங்கோ, திரும்பவும் போயிட்டுது" என்று உள்ளறையில் இருந்து சத்தம் வரும்.

அதற்குப் பிறகு நான் செய்வது ஒரு பூசை மாதிரி. பிரிண்டரை நிறுத்திப் போடு, ரவுட்டரை நிறுத்திப் போடு, லப்டொப்பில் பிரிண்டரை அழித்துத் திரும்பச் சேர், ஒன்றும் சரிவராவிட்டால் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போய் பிரிண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்து யூஎஸ்பி வயர் குத்தி அடி. ஒன்றரை வருடம் இப்படி ஓட்டினோம். ஒரு சனி காலை ஆறரைக்கு காலி வீதியில் திறந்திருக்கும் போட்டோகொப்பிக் கடை தேடி நடந்தபோதுதான் இது இனிச் சரிவராது என்று முடிவெடுத்தேன்.

ஆகவே இந்த விமர்சனம் பிரிண்டருக்கு இல்லை. அதன் முதுகில் இருக்கும் ஒரு சதுரத் துளைக்கும், அதில் இருந்து ரவுட்டர் வரை போகும் பதினெட்டு மீற்றர் கேபிளுக்கும், அதைப் போட்டுத் தந்த தம்பிக்கும்தான். பிரிண்டர் கறுப்பு வெள்ளை லேசர், ஸ்கான், பெக்ஸ் எல்லாம் சேர்ந்தது, ஈதர்நெற் துளை (நெற்வேர்க் வயர் குத்தும் அந்தச் சதுரத் துளை) உள்ளது, இதற்குமேல் பெயர் வேண்டாம். அதே குணம் எல்லாக் கம்பனிப் பிரிண்டரிலும் இருக்கிறது.

முதலில் வைஃபை ஏன் காலை வாரியது என்று சொல்லவேண்டும், ஏனென்றால் நான் நெடுநாளாகப் பிரிண்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் இருப்பது தொடர்மாடியில் நாலாம் மாடி. போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்களாக இருபது, இருபத்தைந்து வரும். வீட்டுப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசும், அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று முட்டாத சனல் மூன்றுதான், 1, 6, 11. இருபத்தைந்து வீட்டு ரவுட்டரும் இந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், 100ஆம் இலக்க பஸ் மாலை ஐந்தரைக்கு பம்பலப்பிட்டியில் நிற்பதுபோல. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான். போதாததற்கு ரவுட்டர் இருக்கும் ஹோலுக்கும் பிரிண்டர் இருக்கும் சின்ன அறைக்கும் நடுவே இரண்டு கொங்கிரீட் சுவர். என்னுடைய போன் 5 கிகாஹேர்ட்ஸில் ஓடியதால் அது பறந்தது, "நெற் நல்லாத்தானே இருக்கு, பிரிண்டர்தான் பழுது" என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்ததற்குக் காரணம் அதுதான்.

பிரிண்டரை வாங்கியபோதே இந்தத் துளையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொழும்பில் கொம்பியூட்டர் சாமான் என்றால் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவுக்குத்தான் எல்லாரும் போவது, நாங்களும் போனோம், அங்கே ஒரு கடையில் (எந்த மாடி என்றுகூடச் சொல்லமாட்டேன்) வயர் போடலாமா என்று கேட்டதற்கு, "வைஃபை இருக்கே, வயர் எதுக்கு?" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் ஒன்றரை வருடம் பூசை செய்தேன்.

புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். பிரதர், எச்பி லேசர்களில் மொடல் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். 'டி' என்றால் தாளின் இரண்டு பக்கமும் தானாக அடிக்கும், 'என்' என்றால் வயர் நெற்வேர்க், 'டபிள்யூ' என்றால் வைஃபை. 'டிஎன்' என்று முடிந்தால் ஈதர்நெற் துளை உண்டு. 'டிடபிள்யூ' என்பதில் சிலதுக்கு உண்டு, சிலதுக்கு இல்லை, அதனால் பெட்டியை நம்பாமல் பிரிண்டரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். மைத் தாங்கிப் பிரிண்டர்களிலும் இதே கதைதான். எப்சன் எல் 3210 யூஎஸ்பி மட்டும், எல் 3250க்கு வைஃபை உண்டு ஆனால் ஈதர்நெற் இல்லை, எல் 5290க்குப் போனால்தான் ஈதர்நெற். மூன்றும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும்.

கேபிள் வாங்கிய கதைக்கு வருகிறேன். பெட்டிக்குள் யூஎஸ்பி வயர் வந்தது, நெற்வேர்க் கேபிள் வரவில்லை, பொதுவாக வராது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் கேட் 5இ, கேட் 6, கேட் 7 என்று தர இலக்கம் எழுதிய கேபிள்கள் தொங்கும், ஒரு கடையில் கேட் 8கூட இருந்தது. வீட்டுப் பிரிண்டரின் துளை பெரும்பாலும் செக்கனுக்கு 100 மெகாபிற்தான். கேட் 5இயே 100 மீற்றர் தூரத்துக்கு 1000 மெகாபிற் கொண்டுபோகும். பிரிண்டருக்குக் கேட் 8 வாங்குவது பெட்டிக்கடைக்குப் போக லொறி பிடிப்பதுபோல. நான் கேட் 6 எடுத்தேன், விலை வித்தியாசம் சொற்பம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இலக்கத்தைவிடப் பார்க்கவேண்டியது உள்ளே என்ன உலோகம் என்பது. மலிவுக் கேபிள்களில் அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசியிருப்பார்கள். வெட்டிய முனையை நகத்தாலோ கத்தியாலோ சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், கையில் தூக்கினாலே பாரம் குறைவு, நாலு தரம் வளைத்தால் முறியும். முழுச் செம்பு சுரண்டினாலும் செம்பாகவே இருக்கும். நான் கடையில் நின்று சுரண்டியபோது கடைக்கார ஐயாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை, உள்ளே போய் வேறொரு சுருளைக் கொண்டுவந்து, "இதைச் சுரண்டிப் பாருங்க தம்பி" என்றார். அந்த இரண்டாவது சுருளைத்தான் வாங்கினேன், மீற்றர் கணக்கில் வெட்டித் தந்தார்.

போட வந்த தம்பி ஹற்றன் பக்கம், கொழும்பில் சிசிரிவி, நெற்வேர்க் வயரிங் செய்கிறவர். கீழ்மாடி வீட்டுக் கமராவைப் போட்டவர் என்று அங்கே சொன்னார்கள். போயா நாள் காலை ஒன்பதுக்கு வருவதாகச் சொல்லிப் பதினொன்றேகாலுக்கு வந்தார், அதுதான் அவரிடம் எனக்கிருக்கும் ஒரே குறை. வந்த பிறகு வேலை வேலைதான். வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார் என்றேன். "துளையே வேணாண்ணே" என்று கதவு நிலையை ஒட்டிக் கீழால் கொண்டுபோய், வெள்ளைப் பிளாஸ்ரிக் கேசிங்குக்குள் போட்டு, இரட்டைப் பக்க ரேப்பால் ஒட்டினார். கரண்ட் வயர் போகும் கேசிங்குக்குள்ளேயே போடலாமே, இடம் இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு முகத்தைச் சுழித்தார், கரண்ட் வயரோடு ஒன்றாகப் போட்டால் ஆபத்து, சிக்னலில் இரைச்சலும் ஏறும், கொஞ்சம் தள்ளித்தான் போகவேண்டும்.

முனையில் பிளக் அடிப்பதைப் பார்ப்பதே ஒரு ரசனை. எட்டுக் கம்பி, நாலு சோடி. வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வரிசைப்படுத்தி, ஒரே நீளத்துக்கு வெட்டி, பிளக்குக்குள் தள்ளி, கிரிம்பரால் ஒரு அழுத்து. மறுமுனையும் அதே ஒழுங்கு. பிறகு சின்னச் சோதனைக் கருவியை இரண்டு முனையிலும் மாட்டினார், ஒன்று முதல் எட்டு வரை விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது. 100 மெகாபிற்றுக்கு இந்த எட்டில் நாலு கம்பிதான் வேலை செய்கிறது, 1, 2, 3, 6. மீதி நாலையும் ஏன் இவ்வளவு கவனமாக அடிக்கிறீர்கள் என்று கேட்டேன், "நாளைக்கு நீங்க இந்த வயர வேற எதுக்காவது குத்துவீங்கண்ணே" என்றார். உண்மைதான், பிறகு ஒரு நாள் குத்தினேன்.

கேபிளைக் குத்தினோம். ஒன்றும் நடக்கவில்லை.

சரி, இங்கேதான் உண்மையான விமர்சனம் தொடங்குகிறது, ஏனென்றால் வயர் போடுவது அரை மணி நேர வேலை, மிச்ச மூன்று மணி நேரமும் போனது கண்ணுக்குத் தெரியாத விஷயங்களில். முதலாவது என் பிழை. பெக்ஸ் உள்ள பிரிண்டரில் ரெலிபோன் வயருக்கு என்று வேறு துளைகள் இருக்கும், அவை கொஞ்சம் சின்னவை. நான் இருட்டில் கையை விட்டு நெற்வேர்க் பிளக்கை அதற்குள் திணிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி ரோர்ச் அடித்துக் காட்டினார். சரியான துளையில் குத்தியதும் பக்கத்தில் குட்டி விளக்கு பச்சையாக மின்னியது. மின்னியும் அடிக்கவில்லை. பிரிண்டர் இன்னமும் வைஃபையிலேயே இருந்தது. பல பிரிண்டர்கள் ஒரே நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும், வயரா வைஃபையா என்று மெனுவுக்குள் போய் மாற்றவேண்டும். சிலவற்றில் வயரைக் குத்தினால் தானாகவே வைஃபையை விட்டுவிடும், எங்களுடையது விடவில்லை. மெனுவில் நெற்வேர்க் என்று இருக்கும் இடத்தில் வைஃபையை அணைத்தோம், ஐபி முகவரி (வீட்டு நெற்வேர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் இலக்கம்) வந்தது, 192.168.1 என்று தொடங்கியது.

இப்போது என் போனில் இருந்து அடித்தால் அடித்தது. மனைவியின் லப்டொப்பில் பிரிண்டரையே காணவில்லை.

இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன், பல வீட்டில் இதே கோலம் இருக்கும் என்று நினைக்கிறேன். 2020இல் ஊரடங்கு வந்து வகுப்புகள் எல்லாம் சூமுக்கு மாறியபோது, உள்ளறையில் சிக்னல் போதாது என்று இரண்டாவது ரவுட்டர் ஒன்று வாங்கி, ஹோலில் உள்ள பைபர் ரவுட்டரில் இருந்து வயர் எடுத்து, அதன் நீலத் துளையில் (வான் என்று எழுதியிருக்குமே, வெளியே இருந்து இன்ரர்நெற் வரும் துளை, அதில்) குத்தியிருந்தோம். அது வேலை செய்தது, மறந்துவிட்டோம். ஆனால் அப்படிக் குத்தினால் இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று தனி வீடு கட்டிக்கொள்ளும். ஹோல் ரவுட்டர் 192.168.1 என்று முகவரி கொடுக்கும், உள்ளறை ரவுட்டர் 192.168.0 என்று கொடுக்கும். பிரிண்டர் ஹோல் பக்கம், லப்டொப் உள்ளறைப் பக்கம். உள்ளே இருந்து வெளியே எட்டிப் பார்க்கலாம், அதனால் பிரிண்டரின் ஐபி முகவரியைக் கையால் கொடுத்தால் லப்டொப்பில் இருந்து அடிக்கும், ஆனால் "தேடு" என்று சொன்னால் கண்டுபிடிக்காது, பிரிண்டரில் ஸ்கான் செய்து லப்டொப்புக்கு அனுப்பவும் முடியாது, உள்ளறை வைஃபையில் இருக்கும் போனிலும் பிரிண்டர் தெரியாது. ஒன்றரை வருடமும் எங்களுக்கு நடந்ததில் பாதி இதுதான். பிரிண்டர் ஒரு நாள் ஹோல் வைஃபையைப் பிடிக்கும், ஒரு நாள் உள்ளறை வைஃபையைப் பிடிக்கும், இரண்டுக்கும் நான் ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் வைத்திருந்தேன், வசதி என்று நினைத்து!

தம்பி உள்ளறை ரவுட்டரின் செற்றிங்குக்குள் போய் அதை அக்சஸ் பொயின்ற் மோட்டுக்கு மாற்றினார். இனி அது முகவரி கொடுக்காது, வெறும் வைஃபை மட்டும் பரப்பும், முகவரி எல்லாம் ஹோல் ரவுட்டரே கொடுக்கும். எல்லாரும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். அந்த மோட் இல்லாத பழைய ரவுட்டர் என்றால், அதன் டிஎச்சிபியை (முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, அதன் முகவரியையும் மோதாதபடி மாற்றிவிட்டு, வயரை நீலத் துளையில் இல்லாமல் மற்றத் துளைகளில் ஒன்றில் குத்தினாலும் அதே பலன்.

அடுத்தது ஐபி முகவரியைப் பூட்டுவது. வயர் போட்டவர்கள் பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, ஒரு மாதத்தில் "வயர் போட்டும் ஓஃப்லைன்" என்று வந்து நிற்பார்கள். ரவுட்டர் கொடுக்கும் முகவரி இரவல்தான், கெடு முடிந்தாலோ கரண்ட் போய் வந்தாலோ வேறு இலக்கம் கிடைக்கலாம், விண்டோஸோ பழைய இலக்கத்தின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் செற்றிங்கில் பிரிண்டரின் மேக் முகவரியை (கருவியோடு வரும் அடையாள இலக்கம்) கொடுத்து, "இவருக்கு எப்போதும் இந்த இலக்கம்" என்று ஒதுக்கி வைக்கலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. பிரிண்டருக்கு வைஃபைக்கு ஒரு மேக் முகவரி, வயருக்கு வேறொரு மேக் முகவரி. நான் பழைய நினைப்பில் வைஃபையின் முகவரியைக் கொடுத்துவிட்டு, ஏன் பூட்டுப்படவில்லை என்று அரை மணி நேரம் முழித்தேன். பிரிண்டரில் நெற்வேர்க் அறிக்கை ஒன்றை அடித்துப் பார்த்தால் இரண்டும் தனித்தனியாக இருக்கும். லப்டொப்பிலும் பிரிண்டரைத் தானாகத் தேடிச் சேர்க்க விட்டால் விண்டோஸ் சில நேரம் டபிள்யூஎஸ்டி என்ற வழியில் சேர்க்கும், அடிக்கடி ஓஃப்லைன் என்று பொய் சொல்வது அதுதான். கையால் சேர்ப்பதைத் தெரிவு செய்து, டிசிபி ஐபி என்று எடுத்து, பூட்டிய இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

கரண்ட் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது ரவுட்டருக்கென்று ஒரு குட்டி யூபிஎஸ் வாங்கினோம், அது இன்னமும் உழைக்கிறது. கரண்ட் போய் வரும்போது பிரிண்டர் சில செக்கனில் எழும்பிவிடும், ரவுட்டருக்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும், கேட்ட நேரத்தில் முகவரி கொடுக்க ஆள் இல்லை என்றால் பிரிண்டர் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். அந்த இலக்கத்தைக் கண்டால் உடனே வயரைச் சந்தேகிக்கவேண்டாம், முதலில் பிரிண்டரை ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பாருங்கள். ரவுட்டர் யூபிஎஸ்ஸில் விழித்தே இருப்பதால் எங்களுக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. அதற்காக லேசர் பிரிண்டரையும் யூபிஎஸ்ஸில் போட்டுவிடாதீர்கள், அதற்குள் இருக்கும் சூடாக்கி இழுக்கும் கரண்டுக்கு வீட்டு யூபிஎஸ் தாங்காது.

இடியைப் பற்றிக் கேட்பார்கள். முந்தின வீட்டில் செம்பு ரெலிபோன் வயரால் வந்த இன்ரர்நெற், ஒரு ஒக்ரோபர் மாலை இடியில் ரவுட்டர் கருகியது. பைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் வராது. ஆனால் கரண்ட் வழியாக வரலாம், இப்போது ரவுட்டரும் பிரிண்டரும் செம்புக் கேபிளால் கட்டப்பட்டிருக்கின்றன, அதனால் இடி முழங்கினால் இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடுகிறேன்.

எட்டு மாதத்தில் எத்தனை தரம் நின்றது? இரண்டு தரம். ஒன்று, அம்மா தும்புத்தடியால் கூட்டும்போது கேபிளை இழுத்து, பிளக்கில் இருக்கும் குட்டிப் பிளாஸ்ரிக் நாக்கு முறிந்து, பார்க்க மாட்டியிருப்பதுபோலவும் உண்மையில் கழன்றும் இருந்தது. தம்பி வந்து புதுப் பிளக் அடித்தார், காசு வாங்கவில்லை, தேத்தண்ணி மட்டும் குடித்தார். மற்றது, இன்ரர்நெற் கம்பனி ஹோல் ரவுட்டரை மாற்றியபோது, பூட்டி வைத்த முகவரியும் பழைய ரவுட்டரோடு போய்விட்டது. அது எனக்கு உறைக்க ஒரு வெள்ளிக்கிழமை இரவு தேவைப்பட்டது.

வேகம் கூடியதா என்றால், பெரிதாக இல்லை. தாள் வெளியே வரும் வேகம் பிரிண்டரின் எந்திரத்தைப் பொறுத்தது, வயர் அதை மாற்றாது. ஸ்கான் செய்த பழைய வினாத்தாள்கள், பக்கத்துக்குப் பக்கம் படமாக இருக்கும் பெரிய கோப்புகள், அவை மட்டும் முன்பு நடுவில் திணறும், இப்போது திணறுவதில்லை. போனில் இருந்து அடிப்பதும் போகவில்லை, பிரிண்டர் வயரில் இருந்தாலும் போன் வைஃபையில் இருந்தாலும் இரண்டும் ஒரே ரவுட்டரின் கீழ் இருந்தால் ஐபோனின் ஏர்பிரிண்டும் அன்ரொயிட் போனும் கண்டுபிடிக்கும். விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைத்திருந்தால் அதில் இருந்து அடிக்காது, அடிக்கவும் கூடாது.

குறை என்றால், பிரிண்டர் இனி அந்த மூலைதான். வெள்ளைக் கேசிங் மஞ்சள் சுவரில் அசிங்கமாகத் தெரிகிறது, அதை மனைவி வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துகிறார். மாதம் நாலு தாள் அடிக்கிறவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை, கொம்பியூட்டர் பக்கத்திலேயே இருந்தால் யூஎஸ்பி போதும், அது ஐந்து மீற்றருக்கு மேல் போகக்கூடாது என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கேபிள், கேசிங், தம்பியின் கூலி எல்லாம் சேர்த்து ஒரு ஒரிஜினல் டோனரின் விலையில் பாதிகூட வரவில்லை.

புள்ளி போடவேண்டும் என்றால் கேபிளுக்கு ஐந்துக்கு ஐந்து, தம்பிக்கு நாலரை (அரைப் புள்ளி அந்த இரண்டேகால் மணித்தியாலத்துக்கு), சிரித்த கடைக்கு ஒன்று.

போன வெள்ளி 46 செற். பத்தரைக்குத் தொடங்கினோம், நடுவில் ஒருமுறை தாள் போட்டதைத் தவிர நான் எழும்பவே இல்லை, பதினொன்றுக்குள் எல்லாம் வந்துவிட்டது. பிறகு பார்த்தால் ஸ்ரேப்ளரில் பின் முடிந்திருந்தது.